ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

"இந்த வருஷம் படகுல டிரம் நான் அடிக்கிறேன்" என்று மருமகள் தெருக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாளே, அந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். வழக்கமாக டிரம் அடிக்கும் தையல்காரர் பெருந்தன்மையாகத் துடுப்புக்கு மாறிக்கொண்டார். மாமியாருக்குத்தான் மனசு ஆறவில்லை. வீடு வந்து சேரும்வரை, "டிரம்மாம், டிரம்மு! அடுப்படியில பாத்திரத்தை உருட்டுறது பத்தலையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மருமகளுக்குத் திடீரென்று ஏன் இந்த ஆசை என்பது வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவரும் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

அவர் அவளுடைய மாமனார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். தெரு முழுக்க அவருக்கு 'டிரைவர்' என்றுதான் பெயர். இரண்டு மாதம் முன்பு படிக்கிற கண்ணாடி மாற்ற வேண்டும் என்று, மருமகள் கண் பரிசோதனை செய்யும் கண்ணாடிக் கடைக்குப் போனார். இயந்திரத்துக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாள். மனிதர் புள்ளி தெரியாதபோதும் குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினார். இயந்திரம் அந்தக் கள்ளத்தனத்தையும் சேர்த்தே காட்டிக் கொடுத்தது. இடது கண்ணின் ஓரப் பார்வை போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. உடனே டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். போனது திரும்பி வராது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார் மாமனார். டாக்டரிடமும் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினார். வேறு வழி தெரியாமல் மருமகள் கார் சாவியை ஒளித்துவைத்தாள். கேட்டவர்களுக்கு "பிரேக் சரியில்ல" என்று ஒரு பொய். அன்றிலிருந்து மாமனார் பேசுவதில்லை. மாமியாரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வந்த மருமகள் வீட்டுப் பெரியவரின் சாவியைப் பிடுங்கிவிட்டாள் என்ற கெட்ட பெயரை அவள் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தாள்.

இன்று பூங்கா ஏரியில் படகுப் போட்டி. தெருவின் நீளப் படகைத் திருப்பப் போகிறவர், வருஷா வருஷம் போல, டிரைவர்தான்.

காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் மகனைப் பார்த்துச் சொன்னார்: "தீவைச் சுத்துற இடத்துலதான் நம்ம படகு ஜெயிக்கும். இடது பக்கமா ஒட்டி உரசிக்கிட்டுப் போவேன். எவனும் கிட்ட வர முடியாது."

மருமகள் குறுக்கே புகுந்தாள். "மாமா, இந்தத் தடவை கொஞ்சம் தள்ளியே போலாமே" என்றாள்.

"உன் மருமககிட்ட சொல்லு" என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார். "டிரம் அடிக்கிறவங்க டிரம்மை மட்டும் அடிச்சாப் போதும்."

"எதிர்லதானே உக்காந்திருக்கா, நீங்களே சொல்லுங்க. நான் என்ன தபால்காரியா?" என்றாள் மாமியார்.

தட்டின் ஓரத்தில் விரலால் இரண்டு முறை தட்டினார் அவர். மருமகள் இன்னொரு கரண்டி வைத்தாள். ஒரு முறை தட்டினார். போதும் என்று அர்த்தம். பேச்சு நின்றபோதும் இந்தத் தட்டு மட்டும் நிற்கவில்லை. பேருந்தில் நடத்துநர் மணிக்கயிற்றை இழுப்பாரே, ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் போ. வேலையை விட்டும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. குளியலறைக் கதவு, தண்ணீர்க் குழாய், சாப்பாட்டுத் தட்டு, எல்லாமே அவருக்குப் பேருந்துதான்.

பூங்காவில் கால் வைக்க இடமில்லை. மரத்துக்கு மரம் கட்டிய வண்ணத் தோரணம் காற்றில் படபடத்தது. ஒலிபெருக்கி வைத்தவர் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளவே இல்லை போலும். ஏரியில் வழக்கமாக அதிகாரம் செய்யும் வாத்துகள் எல்லாம் நடுவிலிருந்த தீவின் நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

படகுகள் கட்டிக்கிடந்த மரத்தளத்தில் டிரைவர் தனியாகக் குனிந்து சுக்கான் துடுப்பின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் நேராக அவரிடம் போனாள்.

"மாமா, ஒரே ஒரு விஷயம். படகுல பத்துப் பேர் இருக்காங்க. உங்க பையனும் இருக்காரு. இடது பக்கத்துலேர்ந்து என்ன வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒண்ணு, நான் இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இல்லைன்னா, டிரம் பக்கத்துலேர்ந்து நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

அவர் நிமிரவில்லை. படகின் மூக்கைத் தட்டிக்கொடுத்தார். "ஏ படகே, பாத்தியா? முப்பது வருஷம் ஒரு கீறல் விழாம வண்டி ஓட்டினவனுக்கு வந்த நிலைமையைப் பாத்தியா?"

"படகுக்குக் காது இல்ல மாமா. எனக்கு இருக்கு."

அவர் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். நல்ல முடிச்சைத்தான் அவிழ்த்திருந்தார். மருமகளுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. மிரட்டத்தான் வந்தாள், ஆனால் அழுகை முட்டியது.

"உங்களை யார் முன்னாடியும் தலைகுனிய வைக்கணும்னு எனக்கு ஆசையா? அப்படி இருந்தா இத்தனை நாள் திட்டு வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பேனா?"

அவர் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் படகிடமே சொன்னார்: "இடது பக்கம் ஏதாவது வந்தா டிரம்மோட விளிம்புல குச்சியால தட்டச் சொல்லு. டக் டக்குனு தனியாக் கேக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

இந்த நீளப் படகில் ஒரு வேடிக்கை உண்டு. துடுப்புப் போடுகிறவர்கள் முன்னால் பார்த்து உட்காருவார்கள். டிரம் அடிப்பவர் மூக்கில் உட்கார்ந்து பின்னால் பார்ப்பார். சுக்கான் பிடிப்பவர் வாலில் நின்று முன்னால் பார்ப்பார். அதாவது பத்துத் தலைகளுக்கு மேலாக, போட்டி முடியும்வரை இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத மாமனாருக்கும் மருமகளுக்கும் இதைவிடப் பொருத்தமான ஆசனம் கிடைக்குமா?

முதல் சுற்று சுலபமாகப் போயிற்று. எதிரணியில் பாதிப் பேர் வலது பக்கமும் மீதிப் பேர் யோசித்தபடியும் துடுப்புப் போட்டார்கள். இறுதிச் சுற்றுக்கு மூன்று படகுகள் வந்து நின்றன: எங்கள் தெரு, ஆஸ்பத்திரி அணி, காய்கறி மார்க்கெட் அணி. மார்க்கெட்காரர்களின் கைகள் விடியற்காலை தோறும் மூட்டை தூக்கிய கைகள். அவர்களைப் பார்த்ததுமே நடுவில் உட்கார்ந்திருந்த மகன், "ரெண்டாவது வந்தாக் கூடக் கௌரவம்தான்" என்றான்.

"வாயை மூடிக்கிட்டுத் துடுப்பைப் பிடி" என்றார் பின்னாலிருந்து டிரைவர்.

கொடி இறங்கியது.

டும். டும். டும். மருமகள் குச்சிகளை ஓங்கி இறக்கினாள். தாளம் பிசகவில்லை. பத்துத் துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. தண்ணீர் அவள் முதுகில் சிதறியது. முன்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மாமனாரின் முகம்தான். அந்த முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத ஒரு பிரகாசம் இருந்தது. மனிதர் இளமையாகிவிட்டார்.

பாதி தூரத்தில் எங்கள் படகு முன்னால் இருந்தது. கரையிலிருந்து "டிரைவர்! டிரைவர்!" என்று தெருவே கத்தியது. மாமியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரமாக ஓடி வந்தாள்.

தீவு வந்தது. திருப்பம் இடது பக்கம்.

உரசிக்கொண்டு போவேன் என்று வீம்பாகச் சொன்னவர், தீவு நெருங்கியதும் ஒதுங்கியே வந்தார். தெரியாத பக்கத்தைப் பார்த்து அவருக்கே பயம். அந்த ஒதுக்கத்தில் இடது பக்கம் ஓர் இடைவெளி விழுந்தது. மார்க்கெட் படகு அதைப் பார்த்துவிட்டது. பின்னாலிருந்து அந்தச் சந்துக்குள் மூக்கை நுழைத்து வேகமாக ஏறி வந்தது.

மருமகளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. குச்சியால் விளிம்பில் தட்டினாள். டக் டக்.

ஒலிபெருக்கி, கூட்டம், விசில், வாத்துகளின் கூச்சல். எதிரில் இருந்த கணவனுக்கே அந்த 'டக் டக்' கேட்டிருக்காது. டிரைவருக்கு எங்கே கேட்கும்? இடம் நிறைய இருக்கிறது, இப்போது உள்ளே வெட்டினால் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பழைய தைரியம் திரும்பியது. சுக்கானை அழுத்த உடம்பைச் சாய்த்தார்.

இன்னும் ஒரு விநாடி போனால் இரண்டு படகும் மோதும். இருபத்து நான்கு பேர் தண்ணீரில். நடுவில் கனமான துடுப்புகள்.

"மாமா!" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது அவள் யோசித்துச் செய்தாள் என்று எழுதினால் அது பொய். கை தானாகச் செய்தது. தாளத்தை அப்படியே நிறுத்தி, இரண்டு கையாலும் ஓங்கி ஒரே ஓர் அடி அடித்தாள்.

டும்!

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. குச்சிகள் காற்றில் நின்றன.

டிரைவரின் வலது கால் படகின் பலகையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை, ஆனாலும் மிதித்தது. கை சுக்கானை நேராக்கித் தண்ணீருக்குள் ஊன்றியது. டிரம் நின்றதால் பத்துத் துடுப்பும் அந்தரத்தில் நின்றன. படகு முனகிக்கொண்டு வேகம் குறைந்தது.

அவருடைய இடது தோளுக்கு ஒரு கை தூரத்தில், எங்கிருந்தோ முளைத்தது போல, மார்க்கெட் படகு கடந்து போனது. அதை ஓட்டியவர் மோதப் போகிறது என்று பயந்து ஏற்கெனவே உள்பக்கமாக ஒடித்துவிட்டிருந்தார். படகு நேராக நாணலுக்குள் புகுந்து, வாத்துகள் நாலா பக்கமும் பறக்க, சேற்றில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது.

டிரைவர் அந்தப் படகைப் பார்த்தார். தன் இடது தோளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு பத்துத் தலைகளுக்கு மேலாக மருமகளைப் பார்த்தார். கண்ணை அகற்றவே இல்லை.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டே?" என்று கத்தினான் கணவன். "ஆஸ்பத்திரிக்காரங்க போறாங்க பாரு!"

வெளிப்பக்கமாக ஆஸ்பத்திரிப் படகு நழுவி முன்னே போய்க்கொண்டிருந்தது. மருமகள் அதைப் பார்க்கவில்லை. மாமனாரின் இடது பக்கத்தைப் பார்த்தாள். தண்ணீர் காலி. வழி சுத்தம்.

டும், டும்!

"போலாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கிக்காரரே ஒரு கணம் திகைத்துப் போனார்.

அதன் பிறகு அவர் இடது பக்கம் திரும்பிப் பார்க்க முயற்சி செய்யவே இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் தன் வண்டியின் பின்கதவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. யார் ஏறினார்கள், யார் படியில் தொங்குகிறார்கள் என்று இன்னொருவர் பார்த்து மணி அடிப்பார், இவர் வண்டியை எடுப்பார். அதில் ஒருநாளும் அவருக்கு அவமானம் வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. அவள் அடித்தாள், அவர் ஓட்டினார். தீவின் கல்கரையை ஒரு முழம் விட்டு, வழுக்கிக்கொண்டு திரும்பியது படகு.

தாளம் ஏறியது. தையல்காரர் பல்லைக் கடித்தார். மகன் இரண்டாவது இடத்துக் கௌரவத்தையெல்லாம் மறந்துவிட்டு மாடு மாதிரி இழுத்தான். ஆஸ்பத்திரிப் படகின் வால் மருமகளின் ஓரக்கண்ணில் தெரிந்தது, பிறகு நடு, பிறகு அவர்களுடைய டிரம் அடிக்கும் நர்ஸின் வியர்வை வழியும் முகம். இரண்டு டிரம்காரிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே அடித்தார்கள்.

கோட்டைத் தாண்டியதை மருமகள் பார்க்கவில்லை. முதுகு அந்தப் பக்கம். கரை முழுக்க எழுந்த சத்தம் யாருக்காக என்றும் புரியவில்லை. மாமனாரைத்தான் பார்த்தாள். அவர் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார். வாயெல்லாம் பல், கன்னமெல்லாம் கண்ணீர்.

"கண்டக்டரம்மா!" என்று கூவினார். "வண்டி வந்து சேந்துடுச்சு!"

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. மருமகள் டிரம்மைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்படி அழுவதில் எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

மேடையில் பூங்கா மேலாளர் கோப்பையைக் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியை நீட்டினார். "சார், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அந்தத் திருப்பத்துல படகை நிறுத்தினீங்களே! மார்க்கெட்காரங்களை முன்னாடி விட்டு நாணல்ல சொருக வச்சுட்டீங்க. எப்படி வந்துச்சு அந்த யோசனை?"

சேறும் பாசியுமாக நின்ற மார்க்கெட்காரர்களே சிரித்துக் கை தட்டினார்கள். "டிரைவர்னா டிரைவர்தான்!" என்று தெருக்காரர்கள் குரல் கொடுத்தார்கள்.

பொன்னான வாய்ப்பு. "எல்லாம் அனுபவம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். மருமகள் வேண்டுமென்றே தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் பார்வையால் அவரை நெருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"யோசனையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு இடது பக்கம் ஓரத்துல கண்ணு தெரியாது. அந்தப் படகு வந்ததே எனக்குத் தெரியாது."

கூட்டம் அடங்கியது. மகன் வாயைத் திறந்தபடி அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என் மருமகதான் கண்டுபிடிச்சா. டாக்டரைப் பாருங்கன்னு கெஞ்சினா. நான் கேக்கல. கார் சாவியை எடுத்து வச்சதுக்கு அவளை வீட்டுல கெட்டவளாக்கினேன். பிரேக் சரியில்லைன்னு அவ சொன்னது எனக்காகச் சொன்ன பொய். பிரேக் நல்லாத்தான் இருக்கு. சரியில்லாதது நான்தான்." கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்கு அவ நிறுத்தினதால நாங்க எல்லாரும் முழுசா நிக்கிறோம். நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன். இதைச் சாட்சியோட சொல்லணும்னுதான் மைக்குல சொல்றேன்."

முதலில் கை தட்டியது ஆஸ்பத்திரி அணி. பிறகு ஏரியே அதிர்ந்தது. தெருக்காரர்கள் மருமகளை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். "ஐயோ, இறக்கி விடுங்க!" என்று அவள் கத்தக் கத்த ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறக்கினார்கள்.

இறக்கிய இடத்தில் மாமியார் துண்டோடு நின்றாள். மருமகளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். கொஞ்சம் அழுத்தமாகவே.

"அத்தை, வலிக்குது."

"வலிக்கட்டும். எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனச்சீங்களா? வாசப்படியில இடது தோளை இடிச்சுக்கிறார். பக்கத்துல போய் நின்னா திடுக்கிடுறார். கூட வாழறவளுக்கு இது தெரியாதா?"

மருமகள் அசந்து போனாள். "அப்ப சாவியை எடுத்ததுக்கு இல்லையா என்மேல கோபம்?"

"சாவியைத் தூக்கிக் குப்பையில போடு. இவ்வளவு பெரிய விஷயத்தை உன்கிட்ட சொன்ன மனுஷன் என்கிட்ட சொல்லலையேன்னுதான் வயிறு எரிஞ்சுது."

"அவர் எங்கே அத்தை சொன்னார்? மெஷின்தான் சொல்லுச்சு."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்டிப்பான குரலுக்குத் திரும்பினாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நான்தான் கூடப் போவேன். நீ உன் கடைக்குப் போ. இதுல உனக்குப் பங்கு கிடையாது."

"சரி அத்தை."

மேடைக்குக் கீழே டிரைவர் கோப்பையைத் தூக்கி மார்க்கெட்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்பது போல மாமியார் கேட்டாள்:

"வலது கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

மருமகள் துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். வலது கண்ணைப் பற்றி இயந்திரம் காட்டியதை அவரிடம்கூட அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும் அத்தை."

மாமியார் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய ஈரக் கையை இறுகப் பிடித்தாள்.

"நாளைக்கு லீவு போடு. நீயும் வா."